ஆறரை

அங்கலேஷ்வரில் ஒரு சாயத் தொழிற்சாலையின் பின்மதிலோரம், கழிவுநீர் வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஊர்வி குந்தியிருக்கிறாள். வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவள். இங்கே அவள்தான் கெமிஸ்ட். சற்றுமுன் நனைத்துப் பார்த்த அமிலச் சோதனைத் தாள் செக்கச் சிவந்து அவள் கைக்குள் கசங்கிக் கிடக்கிறது. மேலாளர் கௌஷிக்பாய் சொன்னபடி போர்வெல் குழாயை வாய்க்காலுக்குள் அவளே திறந்துவிட்டிருக்கிறாள். நுரை விலகி, நிறம் வெளுக்கிறது. அமிலம் எங்கும் போய்விடவில்லை. கூட்டத்துக்குள் திருடன் நிற்பதுபோல் தண்ணீருக்குள் நிற்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கண்ணாடிக் குப்பியில் நீரைப் பிடிக்கிறார். ஊர்வி புதுத் தாளை நனைத்து நீட்டுகிறாள். பச்சை. “பி.எச். ஆறரை, சாஹேப்.” சட்டத்துக்கு அது போதும். அதிகாரி தலையாட்டுகிறார்: “பலே! என் பொண்ணும் கெமிஸ்ட்ரிதான் படிப்பேங்கிறா, ஊர்விபென். வேலை கிடைக்குமா?” கௌஷிக்பாய் முந்திக்கொள்கிறார்: “கெமிஸ்ட் இல்லாம இந்த ஊர்ல ஒரு வாய்க்காலும் ஓடாது, சாஹேப்!” இருவரும் சிரிக்கிறார்கள். டீ வருகிறது. அதிகாரி சாஸரில் ஊற்றி ஊதுகிறார். உதட்டருகே போன சாஸர் நின்றுவிடுகிறது. “எந்தத் தண்ணில போட்டது?” கௌஷிக்பாய் வாயைத் திறப்பதற்குள் ஊர்வி சொல்லிவிடுகிறாள்: “வாய்க்கால்ல நாங்க கலந்துவிட்ட அதே போர் தண்ணிதான், சாஹேப். குடிங்க, ஆறரைதான்.” மோட்டார் இரைகிறது. கௌஷிக்பாயின் சிரிப்பு பாதியில் உறைகிறது. அதிகாரி காதில் எதுவும் விழாததுபோல் இருக்கிறார். சாஸரை மட்டும் மதில்மேல் வைத்துவிட்டு, குப்பியை இறுக மூடுகிறார்.