உதிரி மல்லி

பொட்டலத்தை நீட்டியவன் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

வாழையிலைப் பொட்டலம். வாங்கும்போதே அதிகக் கனம் தெரிந்தது. பிரித்தாள்.

அத்தை சொல்லியனுப்பியபடி கால் கிலோ உதிரி மல்லி. அதன்மேல், சொல்லாமலே வந்த ஒரு சரம்.

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் அவளுக்குப் பூ வாங்குகிற கடை. இன்றைக்கு வேறு கடைக்குப் போயிருக்கலாம். கால் பழகிய இடத்துக்கே போய்விட்டது. பூக்காரி பேச்சியம்மாள் அவனைக் கண்டதும், என்ன தம்பி, பிள்ளை வந்ததும் பொண்டாட்டிக்குப் பூ வாங்குறது மறந்துபோச்சா என்று கேலி செய்திருக்கிறாள். என்ன பிள்ளை என்றும் கேட்டிருக்கிறாள்.

"பொண்ணுன்னு சொல்லிட்டேன்."

தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"அதுக்கு மேல வாய் வரல. இந்தச் சரம் பாப்பாவுக்காம். முடி வளர்ற வரைக்கும் அவ அம்மா வச்சுக்கட்டும்னாங்க."

அவள் சரத்தைத் தனியாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பொய் சொல்லிட்டேன்ல?"



அத்தை வந்து அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அவள் மார்பைச் சுற்றிய பழைய வேட்டித் துணியை மெல்ல அவிழ்த்தாள். நேற்று வைத்துக் கட்டிய மல்லி பழுப்பேறிப் பாலில் ஊறிக் கிடந்தது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொள், பூ வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்று முணுமுணுத்தாள். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நனைந்த பூவைக் கையில் ஏந்திப் பால்கனிக்குப் போனாள் அத்தை. கால்படாத இடத்தில்தான் போட வேண்டுமாம். மூன்றாவது மாடியில் அப்படி ஓர் இடம் கறிவேப்பிலைத் தொட்டிதான்.

மகள் இரண்டு நாள் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள்.

அந்த இரண்டு நாளும் இவளுக்கு ஒரு சொட்டு ஊறவில்லை.

மூன்றாம் நாள், வெறும் மடியோடு வீட்டுக்கு வந்த பிறகு, ரவிக்கை நனைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே சிஸ்டர் சொல்லியிருந்தாள். பால் கட்டினால் மாத்திரை இருக்கிறது. மனசிருந்தால், அதே மாடியில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைகள் உள்ளே இருக்கின்றன. சிஸ்டர் முடிப்பதற்குள் அவன், வேண்டாம் சிஸ்டர் என்று சொல்லி, அவள் தோளைப் பிடித்து லிஃப்ட்டுக்குள் கூட்டி வந்துவிட்டான். அப்போது அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அவள் எழுந்து பால்கனிக்குப் போனாள்.

தொட்டியில் நேற்றுப் போட்ட பூவும் கிடந்தது. அதில் எறும்பு மொய்த்திருந்தது. ஒவ்வொரு இதழிலும். மண்ணிலிருந்து பூவுக்கும் பூவிலிருந்து மண்ணுக்கும் ஒரு வரிசை.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

மகளுக்குக் குழாய் வழியே நான்கு மில்லி. அதுதான் ஒரு வேளை. யாருடைய பால் என்று கேட்டிருந்தாள். யாரோ ஒரு அம்மா குடுத்தது என்றாள் சிஸ்டர். பெயர் சொல்லவில்லை. விரல்நுனியில் ஒரு சொட்டெடுத்து உதட்டில் தடவியபோது மகள் சப்புக்கொட்டினாள்.

மகள் செய்து அவள் பார்த்தது அது ஒன்றுதான்.

உள்ளே அத்தை புதுப் பூவைத் துணியில் பரப்பி வைத்துக் காத்திருந்தாள்.

"கட்ட வேணாம் அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்."

பச்சை உடம்பு, மூன்று மாடி இறங்கி ஏறுவதா, யாருக்காக என்று அத்தை கேட்டாள். கடைசிக் கேள்வியைக் கேட்ட பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். துணியிலிருந்த பூவை ஒவ்வொன்றாக இலைக்கு மாற்றினாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

பிறகு மேசையிலிருந்த சரத்தைப் பார்த்தாள். எடுத்தாள். தீட்டு நாள். பூ வைக்கக் கூடாது. அத்தையின் கை அந்தரத்திலேயே நின்றது.

அவள் திரும்பி நின்று பின்னலைக் காட்டினாள்.

வாசலில் அவன் வண்டிச் சாவியோடு நின்றான். மாடிப்படியில் அவளுக்கு ஒரு படி முன்னால், பக்கவாட்டாக, கையை நீட்டியபடியே இறங்கினான். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பாதிப் படியில் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அதே லிஃப்ட். அதே மாடி. இடப்பக்கம் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கும் அறை. அவள் வலப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். உள்ளிருந்து ஒரு பிள்ளை அழுதது.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதற்குள் ரவிக்கை நனைந்திருந்தது.

வங்கியில் இருந்தது வேறு சிஸ்டர். சின்னப் பெண். இவர்களை முன்பு பார்த்தவளில்லை. தலைக்கு ஒரு துணித்தொப்பி கொடுத்தாள். அவள் பூவோடு சேர்த்து அதை மாட்டிக்கொண்டாள். சிஸ்டர் படிவத்தை எடுத்தாள். பெயர் கேட்டாள். வயது கேட்டாள். ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்து வைத்தாள்.

தலை நிமிராமலே அடுத்ததைக் கேட்டாள்.

"பாப்பாவுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

அவன் பதறி முன்னால் வந்தான். விளக்கிச் சொல்ல வாயெடுத்தான்.

அவள் அவன் மணிக்கட்டில் கை வைத்தாள்.

"இன்னையோட அஞ்சு."

சிஸ்டர் எழுதிக்கொண்டாள்.