வரி வரியாய் நாகையா

“போன வாரத்துக்கு இப்ப எம்புட்டு வளந்திருக்காரு தம்பி?”

கேட்டுக்கொண்டே செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் வந்தாள் மாரிசெல்வி. வளர்கிறவர் அவள் புருஷன் நாகையா. வயது நாற்பத்தாறு.

சிரிக்காதீர்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்ததில் நெஞ்சும் முதுகும் வெந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். தொடையில் தபால்தலை அளவுக்குத் தோலெடுத்து, வளர்க்கச் சொல்லி இங்கே, விருதுநகர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மாரிசெல்வியும் அதே ஆலைதான். அன்றைக்கு இருக்கன்குடிக் கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பினாள். ஆலைக்குச் சீல் வைத்து இரண்டு மாதம் ஆகிறது.

ஆராய்ச்சி மாணவன் செழியன் கண்ணாடித் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தான். “பாருங்கக்கா, வரி வரியா நிக்காரு.”

எல்லாம் அவன் செய்த ரப்பர் அச்சின் வேலை. மயிரிழையைவிட மெல்லிய கோடுகள் கொண்ட, மெத்தென்ற அச்சு. அதைப் புரதத்தில் தொட்டுத் தட்டில் ஒற்றினால், ஒற்றிய இடத்தில் மட்டும் தோல் செல்கள் பிடித்து வளரும்.

“பசை தடவுன எடத்துல மட்டும் லேபிள் ஒட்டுற மாதிரி” என்றாள் அவள்.

“அதேதான். கன்னாபின்னான்னு வளந்தா தழும்பு இறுகி இழுக்கும். வரிசையா வளந்தாத்தான் நல்ல தோலு மாதிரி வளையும். இன்னும் ரெண்டே வாரம், ஐயா நெஞ்சுல வச்சிரலாம்.”

அவள் ‘ம்’ என்றாள். அவளது வெறுங்கால் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. மெட்டி கிடந்த விரலில் வெளுத்த தடம்.

“மெட்டி எங்கக்கா?”

“பட்டாசு ரூம்ல மெட்டி ஆகாது தம்பி. தரையில ஒரசி ஒரு பொறி விழுந்தா அம்புட்டுத்தான்.”

எவ்வளவு சூதானமான மனுஷி! இவள் தலையிலா இந்த இடி விழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டான் செழியன்.

நல்ல நேரம் பார்த்து அடித்தது போன். பேராசிரியர் ஜெயச்சந்திரன். செழியன் வராந்தாவுக்குப் போய் எடுத்தான்.

“நாகையா தவறிட்டாராம்ப்பா. ஆஸ்பத்திரி லெட்டர் ஆபீஸ்ல கெடந்து இப்பத்தான் என் கைக்கு வந்துச்சு. விதி தெரியும்ல? இன்னைக்கே அழிச்சிரு.”

ஆள் போய்விட்டால் தட்டில் பிளீச் ஊற்றிக் கொட்டிவிட வேண்டும். அதுதான் விதி. முதல் நாளே இதை மாரிசெல்வியிடம் உளறித் தொலைத்தவனும் அவன்தான்.

பிளீச் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவள் இன்னும் மைக்ரோஸ்கோப்பில்தான் குனிந்திருந்தாள். இதை எந்த வாயால் சொல்வது?

“இன்னைக்குப் போதும்க்கா, கெளம்புங்க. பஸ்ஸு போயிரும்.”

“இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிருதேன் தம்பி.”

செழியன் ஒரு எட்டு கிட்டே வந்தான். “அக்கா... ஐயா தவறிட்டாருக்கா.”

அலறப்போகிறாள் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டான். அலறவில்லை. திறந்து பார்த்தால், தட்டின் மேலிருந்த கண்ணைக்கூட அவள் எடுக்கவில்லை.

“தெரியும் தம்பி. பதினாறாம் நாள் காரியமே முந்தாநாள் முடிஞ்சிருச்சு.”

“பதினாறா? போன வாரமும் வந்தீகளே! எங்கிட்ட ஏங்கக்கா சொல்லல?”

மாரிசெல்வி நிமிர்ந்தாள். அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

“சொல்லியிருந்தா, அன்னைக்கே இவரையும் கொட்டியிருப்பீகள்ல?”