இரண்டு கார் ஷெட்

குழாயைப் பிடித்தபடி அவர் நிற்கிறார்.

தண்ணீரை இன்னும் திறக்கவில்லை.

எதிரே சென்னியப்பனின் சுவர். நெஞ்சுயரம் எழுந்திருக்கிறது. நூல் பிடித்தது போல் என்று சொன்னால் நூலுக்குத்தான் பெருமை. பொள்ளாச்சித் தாலுகாவிலுள்ள தூக்குக்குண்டுகள் எல்லாம் வரிசையில் நின்று இந்தச் சுவரைப் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொள்ளலாம்.

இந்தப் பக்கம் அவருடைய சுவர்.

மூன்றாவது செங்கல் வரியில் கிழக்கே போகப் பார்த்தது. எட்டாவது வரியில் மனம் மாறி மேற்கே திரும்பியது. இப்போது எங்கே போவதென்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஒரே லாரியில் வந்து இறங்கிய செங்கல். ஒரே மணல். ஒரே திங்கட்கிழமை. பக்கத்துப் பக்கத்து வீடு. ஆளுக்கொரு கார் ஷெட், தங்கள் கையாலேயே கட்டுவது. இரண்டு பேரும் ஓய்வுபெற்றவர்கள். இரண்டு பேரும் அதற்குமுன் கரண்டியைச் சாம்பாரில் மட்டுமே பார்த்தவர்கள்.

இரண்டு வாரமாக அவருக்கு எரிந்த வயிற்றெரிச்சலில் ஒரு சூளைச் செங்கல் வெந்திருக்கும்.

நேற்றுக் காலை சென்னியப்பன் மகள் பிரசவத்துக்குக் காங்கேயம் கிளம்பினார். காரில் ஏறப்போனவர் திரும்பி வந்தார்.

"ஒரு வாரமாகுமுங்க. உங்க செவுத்துக்கு ஊத்தறப்ப நம்முளுதுக்கும் ரெண்டு கை ஊத்தி உட்ருங்க."

புதுச்சுவர் ஒரு வாரம் நனைய வேண்டும். நனையாவிட்டால் கலவை பிடிக்காது. கடலை மாவாய் உதிரும்.

நேற்று அவர் ஊற்றவில்லை.

மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அறுபத்து மூன்று வயதில் மறதிக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை.

விரலை நீட்டி, இரண்டு கல்லுக்கு நடுவே நகத்தால் கீறினார்.

கொஞ்சம் உதிர்ந்தது.

நாக்கில் சர்க்கரை பட்டது போலிருந்தது.

இன்னும் ஆறு நாள்.

"ஏனுங் சார்."

சாலையில் ஒருவர். கான்வாஸ் ஷூ, குரங்குக் குல்லாய். காலை நடை வந்தவர். இந்தத் தெருவுக்குப் புதியவர்.

வந்தவர் பார்வை சென்னியப்பனின் சுவர் மேல் ஏறி, அங்கேயே குடியேறிவிட்டது.

"என்னாங்க இது, கண்ணாடியாட்ட நிக்குது! யாருங்க கட்டுனது?"

சென்னியப்பன் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். சத்தியமாக. அந்தப் பெயர் தொண்டையில் முழுச் செங்கலாக நின்றுகொண்டது.

"நாந்தானுங்க."

"நீங்களேவா?"

"சும்மா. பொழுது போகோணுமல்ல."

வந்தவர் கைகூப்பாத குறை. பிறகு கழுத்தைத் திருப்பி அந்த இன்னொன்றைப் பார்த்தார். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"அப்ப அதுங்க?"

"அது பக்கத்து வீட்டுக்காரரு கட்டுனது. பாவம், வயசாயிருச்சு."

வந்தவர் பரிதாபமாக உச்சுக்கொட்டிவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

அவர் தண்ணீரைத் திறந்தார்.

ஆழியாறு அணையையே திறந்துவிட்டார் எனலாம். மேல் வரியில் தொடங்கி ஒவ்வொரு கல்லாக, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், மூலையில், அடியில். உதிர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார். அதற்கு மட்டும் மூன்று முறை ஊற்றினார். சுவர் குடித்துக்கொண்டே இருந்தது. சிவந்துகொண்டே வந்தது.

மனிதனுக்கு இப்படி ஒரு சுவர் அமைய வேண்டும்.

தன் சுவர் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை.

தண்ணீரை மூடிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பியபோது வாசற்படியில் மனைவி.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் காபி. டம்ளரின் விளிம்புவரை ஊற்றியிருந்தாள்.

அவர் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. அவரைத் தாண்டிப் போனாள். ஈரத்தில் செருப்பு வழுக்காமல் பார்த்து நடந்து, டம்ளரைச் சென்னியப்பனின் சுவர் மேல் வைத்தாள்.

ஒரு சொட்டும் வழியவில்லை.

"உங்க செவுருதானுங்களே," என்றாள். "நீங்களே எடுத்துக்கோங்க."

உள்ளே போய்விட்டாள்.

காபி ஆறிக்கொண்டிருந்தது.