மாதிரிக் குளம்

காலை பத்து மணி, ஒரு மருத்துவமனையின் கூடம். மருத்துவமனைத் தலைவர்கள் பன்னிரண்டு பேர் சுற்றுச்சூழல் பயிற்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். முட்டையிட நல்ல தண்ணீர் கிடைக்காமல் தவித்த செவ்வந்தி என்ற தவளை சன்னலில் தொற்றிப் பார்த்தது. திரையில் ஒரு மருத்துவமனை, பக்கத்தில் குளம். தலைவர்கள் பொத்தானை அழுத்தியதும் கழிவுநீர் நின்றது. கைதட்டினார்கள்.

செவ்வந்தி பின்புறக் குளத்துக்குத் தாவியோடியது.

"ஆமையண்ணே, சாக்கடையை நிறுத்திட்டாங்க! முட்டையிடலாமா?"

"நிறுத்தினது திரையில காட்டற மாதிரிக் குளத்துல," என்றது ஆமை.

"அதென்ன மாதிரி?"

"நம்ம குளம் மாதிரியே இருக்கும். நாத்தம் மட்டும் வராது."

மருத்துவமனைக் குழாயிலிருந்து மருந்து வாடையோடு தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது. செவ்வந்தி கரைக்கும் நீருக்குமாக அலைந்தது.

"என் வயித்துல இருக்கறது நிஜ முட்டையாச்சே அண்ணே!"

ஐப்பசி ஆறாம் தேதி செவ்வந்தி சாலையைக் கடந்து வேறு குளத்துக்குப் போனது. அன்று கூடத்தில் இரண்டாம் கட்டப் பயிற்சி தொடங்கியது.