மறித்து நின்ற வான்

முதலில் பதறியது அன்னபூரணம்தான். "இஞ்சருங்கோ, எங்கட காருக்குப் பின்னால ஆரோ வானைக் கொண்டுவந்து விட்டிருக்கினம்!"

நயினாதீவுப் படகிலிருந்து இறங்கிய அம்பலவாணர் தரிப்பிடத்துக்கு ஓடினார். முன்னால் மதில், இரு பக்கமும் வாகனங்கள், பின்னால் நீல வான். நடுவில் அவருடைய கார். மணி ஒன்றரை.

மூன்று மணிக்குள் யாழ்ப்பாணத்தில், உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கந்தோரில் நிற்க வேண்டும். சுருவில் ஊர் வீட்டை வாங்குகிறவர் இரவு விமானம் ஏறுகிறார். இன்று உறுதி எழுதாவிட்டால் அந்த விற்பனை இல்லை. கொழும்பில் அவர் பார்த்து வைத்திருக்கும் ஐந்தாம் மாடி வீடும் இல்லை.

பிரதேச சபையின் ரிக்கற் கொட்டிலில் மேர்சி இருந்தாள். மேசையில் இரண்டு ரிக்கற் புத்தகங்கள்: காருக்கு வெள்ளை, வானுக்கு ரோசா.

"பிள்ளை, உந்த வானை எடுக்கச் சொல்லும்!"

"போன் எடுக்கிறாரில்லை, ஐயா. கோயிலுக்குப் போயிருப்பார் போல."

"அப்ப தள்ளி விடுவம்."

"கியரில போட்டுப் பூட்டியிருக்கு. ரிக்கற் வெட்டின வாகனத்தில கை வைச்சா என்ர வேலை போயிடும். பின்னேரம் வரைக்கும் காசு கட்டியிருக்கு."

"காசு வாங்கத் தெரியுது, வழி விடத் தெரியாதோ?"

"மதிலோட விடாதையுங்கோ எண்டு காலமையே சொன்னனான். நீங்கள் நிண்டு கேட்டாத்தானே!"

அது உண்மைதான். "காசைக் குடுத்துப்போட்டு வாரும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, படகு வரிசைக்கு ஓடியவர் அவர்.

"பஸ்ஸில போவம், வாரும்."

"இந்த முழங்காலோட ஏறேலாதப்பா."

தனியே போயும் பயனில்லை. வீடு அன்னபூரணத்தின் சீதனம். அவள் கையெழுத்து வேண்டும். நின்ற ஓட்டோக்களும் கோயில் சனத்தோடு போய்விட்டன.

அவளில் பிழை சொல்ல முடியாது. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு சொல் மறுத்ததில்லை. வீட்டை விற்கிற கதைக்கும் "உங்கட விருப்பம்" என்றுதான் சொன்னாள். நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்து வைப்போம் என்றது ஒன்றுதான் அவள் கேட்டது.

வெயில் ஏறியது. அம்பலவாணர் வானைச் சுற்றிச் சுற்றி நடந்தார், சில்லை உதைத்தார், ஓட்டுநர் பக்கக் கதவை இழுத்துப் பார்த்தார்.

"இப்ப மணி என்ன?" என்றாள் அன்னபூரணம்.

"ரெண்டு."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டாள். "இப்ப?"

"ரெண்டு இருவது. ஏன் சும்மா சும்மா கேக்கிறீர்? எனக்கு நெஞ்சிடிக்குது."

பாவம், அவளுக்கும் பதற்றம் என்று நினைத்துக்கொண்டார். அவர் முகம் துடைக்க அவள் கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்தாள். அதோடு வந்த ரோசாக் கடதாசித் துண்டொன்றை விபூதிப் பொட்டலத்துக்குள் திருப்பிச் செருகினாள்.

"இதைக் குடியுங்கோ" என்று சோடாவையும் நீட்டினாள். "விதிச்சதுதானே நடக்கும்."

மூன்று மணிக்கு வாங்குகிறவர் அழைத்தார். அம்பலவாணர் வானையும் மதிலையும் சொல்லி முடிக்க முதலே, "சரி ஐயா, விடுங்கோ. நான் வேற இடம் பாக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

அம்பலவாணர் காருக்குள் ஏறி ஸ்ரியறிங்கில் தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினாலும் மதில்தான் தெரிந்தது. பக்கத்தில் அன்னபூரணமும் ஏறி இருந்தாள்.

மேர்சி அவள் பக்கத்து யன்னலுக்கு வந்தாள். அவர் நித்திரை என்று எண்ணினாளோ என்னவோ, குனிந்து மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, வான்காரரை இனி வரச் சொல்லட்டே?"