சுடாத பீரங்கி

கோட்டை மதில்மேல் கிடந்த பீரங்கிக்கு அலுத்துப் போயிருந்தது. நாளைக்குப் பத்துத் தடவை கைடு அதன் முதுகைத் தட்டி, "ஒரே நாளில் தொள்ளாயிரம் பேரைச் சாய்த்தது இதுதான்!" என்பார். கூட்டம் வாயைப் பிளக்கும். அப்புறம் ஆளாளுக்கு மேலே ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுப்பார்கள்.

"நான் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லையப்பா," என்று தன் வாய்க்குள் குடியிருந்த அணிலிடம் புலம்பும். "வெடிமருந்து வந்து சேர்வதற்குள் ராஜா சமாதானம் பேசிவிட்டார். இந்தப் பொய்யைச் சுமந்து சுமந்து இடுப்பே போச்சு."

ஒருநாள் புதிதாக ஒரு பெண் கைடு வந்தாள். விவரமானவள். "இந்தப் பீரங்கி ஒரு தடவைகூடச் சுடவில்லை," என்று உள்ளதைச் சொன்னாள். கூட்டம் "ஓகோ" என்றுவிட்டு, ராணி குளித்த தொட்டியைப் பார்க்க நகர்ந்தது. மறுநாளும் அதே கதைதான். ஒரு மாதமாக யாரும் மேலே ஏறவில்லை.

"இப்போ நிம்மதிதானே?" என்றது அணில்.

பீரங்கி மெல்லக் கேட்டது: "அந்தப் பழைய ஆள் எத்தனை பேர் என்று சொல்வார்?"

"தொள்ளாயிரம்."

"சேச்சே, அவ்வளவு இருக்காது," என்றது பீரங்கி. "ஒரு நானூறு இருக்கும்."