முந்நூறு வயலின்

வீட்டிலேயே பாட்டுக்கு இசை போடும் பிலோமினா லேப்டாப் வாங்கியதும், அவளுடைய பழைய மியூசிக் கீபோர்டு பீரோ மேல் ஏறிவிட்டது. யாருக்காவது அதைக் கொடுத்துவிடலாம் என்று அவள் போனில் சொன்னதுகூட அதன் காதில் விழுந்திருந்தது.

கீழே மேசையிலிருந்து லேப்டாப் சொன்னது: "எனக்குள்ள முந்நூறு வயலின் சத்தம் இருக்கு."

பீரோ மேலிருந்து கீபோர்டு, "பாட்டு எத்தனை ஆச்சு?" என்று கேட்டது.

"இன்னும் ஒண்ணும் ஆகல. மூணு மாசமா எந்த வயலின் நல்லாயிருக்குன்னு ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கா."

"என்கிட்ட ஒரே வயலின்தான். அதுவும் பூனை கத்துற மாதிரி இருக்கும். என்னைத் திட்டிக்கிட்டே பதினோரு பாட்டு போட்டா."

லேப்டாப் தயங்கித் தயங்கி, "அந்தப் பூனை எப்படிக் கத்தும்?" என்று கேட்டது.